ஆனி அரை ஆறு

பார்த்திப வருஷம், வைகாசி 30

வண்டி வெறும் வண்டியாகத் திரும்பி வந்து வாசலில் நிற்கிறது. என் மகள் வடிவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர மெத்தை விரித்து அனுப்பிய வண்டி. மெத்தை இருக்கிறது, தலையணை இருக்கிறது, மகள் இல்லை.

வன்னியப்ப பிள்ளை அனுப்ப மறுத்துவிட்டான். அவனை இனிமேல் சம்பந்தி என்று எழுத என் கை கூசுகிறது. வேங்கையடிக் கோட்டைக்குப் பிரதானி என்றால் தலையில் கொம்பா முளைத்திருக்கிறது? வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான்: "ஆறு வந்துட்டு. ஒம்பது மாசப் புள்ளத்தாச்சிய வெள்ளத்துல எறக்க மாட்டேன். புள்ளையப் பெத்து எந்திரிக்கட்டும். ஆறு வத்தட்டும். நானே அனுப்பி வைக்கேன்."

போன மாதமே கூட்டிப்போகச் சொன்னானாம். ஆமாம், சொன்னான். 'ஆனி அரை ஆறு, ஆவணி முழு ஆறும்பாக, பிறகு வண்டி எறங்காது' என்று சித்திரையில் ஆள் விட்டான். சித்திரை எட்டாம் மாதம்! ரெட்டைப்படை மாதத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரியை எவனாவது படியிறக்குவானா? வேண்டாத மாட்டை ஓட்டிவிடுகிற மாதிரி ஓட்டிவிடப் பார்த்தான். முடியாது, ஒன்பதில் முறைப்படி வருவேன் என்றேன். இப்போது ஆற்றைக் காட்டுகிறான்.

கல்யாணத்திலேயே அவன் லட்சணம் தெரிந்ததுதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தக் கோட்டைக்குள் பந்தல் என்று நாலு ஓலையைச் செருகிவைத்தான். தாலி கட்டும் நேரத்தில் அத்தனையும் ஒழுகியது. என் பட்டு அங்கவஸ்திரம் சாயம் போயிற்று. முட்டளவுத் தண்ணீரில் நின்று தாம்பூலம் வாங்கிக்கொண்டோம். கஞ்சப்பயல்.

என் மனைவி ஆவுடை அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். என் அக்கா செல்லம்மையும் இப்படித்தான், புகுந்த வீட்டில் பிள்ளை பெறப் போய்ப் பாடையில் வந்தாள். என் மகளுக்கு அது நடக்க விடமாட்டேன். ஆடியில் பிரசவ நாள். அதற்குள் அவள் இந்த வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

ஆனி 3

அரண்மனையில் ஆலோசனை. வேங்கையடியைப் பிடிப்பது என்று எங்கள் தேரிக்கோட்டை மகாராஜா முடிவெடுத்து நாளாயிற்று. மலைவாசலில் அந்தப் பாளையக்காரன் வாங்கும் சுங்கம் இவர் கண்ணை உறுத்துகிறது. இப்போதே போவதா, தை பிறந்து போவதா என்பதுதான் பேச்சு.

பீரங்கிகளுக்குப் பொறுப்பான உசேன் சாயபு தை என்றார். தரை கெட்டியாக இருக்குமாம். தளவாய் சேதுராயர் வடக்கேயிருந்து வந்தவர், இந்தப் பக்கத்து மலை மேற்கா கிழக்கா என்றே இன்னும் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். நான் உக்கிராண மணியம். படைக்கு அரிசி, புல், விறகு எல்லாம் என் பொறுப்பு.

"பிள்ளைவாள், உம்ம பொண்ணைக் கொடுத்த ஊர்தானே? அங்கே மழை எப்போ?"

"எல்லா ஊருக்கும் உள்ளதுதான். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. ஆனி ஆடியில கொஞ்சம் சாரல் விழும். சாரல்னா தூவானம். வெயில்ல வாடின படைக்கு மேலுக்கு இதமா இருக்கும்."

சபை சிரித்தது. தளவாயும் சிரித்தார். அடுத்த வாரமே புறப்பாடு, ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

என் மகன் குலசேகரம் ஈட்டிக்காரர்களுக்குத் தலைவன். சபையில் பின்னால் நின்றுகொண்டிருந்தான். வீட்டுக்கு வரும் வழியில் தெருமுனை வந்ததும் மெல்ல ஆரம்பித்தான்.

"யப்பா, தங்கச்சி கல்யாணம் ஆனியிலதான நடந்துச்சு. முட்டளவு தண்ணியில நின்னோம்லா."

"அது பந்தல் போட்டவன் லட்சணம்."

"பந்தல் ஒழுகுனா சரி. தெருவுல தோணி விட்டாங்களே, அது யாரு லட்சணம்?"

"ஒன் தங்கச்சி நல்லபடியாப் பெத்துப் பொழைக்கணுமா வேண்டாமா?" என்று கேட்டேன்.  நான் பொய் எதுவும் சொல்லவில்லை. சாரல் சாரல்தானே.

ஆனி 10

படை கிளம்பிவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, தூசி தொண்டையை அடைக்கிறது. வாழ்க வெயில். உசேன் சாயபு வானத்தைப் பார்க்கும்போதெல்லாம் நானும் அண்ணாந்து பார்க்கிறேன். ஒரு துண்டு மேகம் கிடையாது.

ஆவுடை பிரசவ லேகியம் கிண்டி, பித்தளைத் தூக்கில் போட்டு, மெழுகு வைத்து மூடிக் கொடுத்தாள். "புள்ள பெத்த அன்னைக்கே உருட்டிக் குடுக்கணும்" என்றாள். அவளையே இங்கே கூட்டிவரப் போகிறேன், நீயே கொடு என்றேன். இருந்தாலும் கொண்டு போங்கள் என்றாள். இவளுக்கு எப்போதும் இந்த 'இருந்தாலும்'தான்.

குலசேகரம் தன் பங்குக்கு வெள்ளி அரைஞாண் அடித்து வைத்திருக்கிறான். தாய்மாமன் சீராம். பிள்ளை ஆணா பெண்ணா என்றே தெரியாது, அதற்குள் மடியில் முடிந்துகொண்டு திரிகிறான். "காது குத்துக்கு என் மடியிலதான் உக்காரணும், அதுக்கு முன்னாலயே நம்மள அடையாளம் தெரியணும்லா" என்கிறான். ஈட்டிக்காரர்கள் அவனை 'மாமோய்' என்று கூப்பிட்டுக் கேலி செய்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆனி 14

கருங்கால் ஆற்றைத் தாண்டினோம். முழங்கால் அளவுத் தண்ணீர். இதுதான் அந்த மகா வெள்ளம்! இந்தத் தண்ணீருக்குத்தான் என் மகளை அனுப்ப மாட்டேன் என்றான். பீரங்கி வண்டிகள் அச்சு நனையாமல் கரையேறின. நடு ஆற்றில் நின்று நான் அவன் குலத்தையே வைதேன். மாட்டுக்காரர்கள் என்னை வேடிக்கை பார்த்தார்கள்.

முதல் மலையைச் சுற்றி வளைந்து உள்ளே போனதும் எல்லாம் பச்சை. வேங்கையடிக் கோட்டை எதிரே தெரிகிறது. அதற்குப் பின்னால் பெரிய மலை. மலையின் தலை தெரியவில்லை, மேகம் மூடியிருக்கிறது.

ஆனி 16

காலையில் சாரல் விழுந்தது. பூப்போல. வீரர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஆடினார்கள். தளவாய் என் தோளில் தட்டி, "சொன்னபடியே இதமாத்தான் இருக்கு" என்றார்.

மத்தியானம் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு கோட்டை வாசலுக்குப் போனேன். குலசேகரம் தாழங்குடையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தான். மதில்மேல் வன்னியப்ப பிள்ளை வந்து நின்றான். தலையிலிருந்து முழங்கால்வரை மூடுகிற ஓலைக் கொங்காணி போட்டிருந்தான். கரடி மாதிரி இருந்தான்.

"வாரும் வேய் சம்பந்தி! வீட்டுக்கு வார மொறையா இது? முன்னக்கூட்டியே சொல்லிவிட்டிருந்தா எலை போட்டிருப்போம்லா."

"எம் மகள வெளிய விடும்! மத்ததப் பொறவு பேசுவோம்."

"நெறமாசக்காரி வேய். படியெறங்கக் கூடாதுன்னு மருத்துவச்சி சொல்லியிருக்கா. வாசல்ல பீரங்கி நிக்கிறதப் பாத்துட்டு எங்கிட்டக் கேக்கா, 'மாமா, எங்கப்பாவா வந்திருக்காக?'ன்னு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

 வாயில் வந்ததையெல்லாம் வைதேன். பந்தலை வைதேன், அவன் அப்பனை வைதேன். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். நான் மூச்சு வாங்கிய நேரத்தில் கையை உயர்த்தினான்.

"முடிஞ்சுதா? இப்ப நான் சொல்லுதத கேளும். இன்னைக்கு விழுதது வெறும் தூத்தல். ஆத்துல இன்னும் வழி இருக்கு. நாளைக்குள்ள படையத் திருப்பித் தாண்டிருங்க. பொறவு நெனச்சாலும் முடியாது."

"மெரட்டுதீரா?"

"மழை வேய்! நானா பெய்யுதேன்?"

மதில்மேல் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வரும்போது குலசேகரம், "மெரட்டுன மாதிரி இல்லப்பா, உள்ளதச் சொன்ன மாதிரிதான் இருந்துச்சு" என்றான். இவன் யார் பிள்ளை?

வன்னியப்ப பிள்ளை பயந்துவிட்டான். பயந்தவன்தான் இப்படிப் பேசுவான். தளவாயிடம் அதைச் சொன்னேன். அவன் பயந்துவிட்டான் என்பதை மட்டும் சொன்னேன். மற்றதெல்லாம் வீண் பேச்சு.

ஆனி 17

மழை.

ஆனி 18

மழை. விறகு நனைந்துவிட்டது. ஊதி ஊதிச் சமையல்காரனுக்குக் கண் அவிந்ததுதான் மிச்சம். படை முழுவதும் அரைவேக்காட்டுச் சோறு தின்றது.

ஆனி 23

இது மழையே இல்லை. மழை என்றால் பெய்யும், விடும். இது விடுவதே இல்லை. பக்கவாட்டில் வருகிறது, கீழேயிருந்து வருகிறது, கூடாரத்துக்குள் புகுந்து காதுக்குள் வருகிறது. இந்த ஊர் கட்டையில் போக.

ஆறு பீரங்கிகளில் நாலு அச்சுவரை புதைந்துவிட்டன. வெடிமருந்து களியாகிவிட்டது. துப்பாக்கித் திரி பற்ற மறுக்கிறது. கோட்டைக்காரர்கள் ஒரு குண்டு சுடவில்லை; சுட வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. கவண் கல்லை மட்டும் எறிகிறார்கள். கல்லுக்கு மழை ஒரு பொருட்டா? விடிந்ததும் மதில்மேல் வந்து, "என்ன மச்சான், மேலுக்கு இதமா இருக்கா?" என்று கேட்கிறார்கள். நான் சபையில் சொன்ன சொல் இவர்களுக்கு எப்படிப் போயிற்று? தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். உள்ளேயிருந்து வரும் புகை காய்ந்த விறகுப் புகை. மணத்திலேயே தெரிகிறது. ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் ஆறு மாத விறகு கிடக்குமாம். எறும்புப் பிறவிகள்.

என் நெல் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தேன். முளைவிட்டிருந்தது. ஒரு பொட்டு வெயில் அடித்தால் அதை நாற்றாக நட்டுவிடலாம். கால் விரலிடுக்கெல்லாம் அட்டை. உப்பு வைத்தால் விழும், உப்பும் கரைந்துவிட்டது.

மாலையில் தளவாய் கூப்பிட்டனுப்பினார். உசேன் சாயபு பக்கத்தில் நின்றார். குலசேகரம் வாசலில் காவலுக்கு நின்றான்.

"பிள்ளைவாள், நீர் இந்த ஊருக்கு வந்திருக்கீராமே. எதுக்கு வந்தீர்?"

"மக கல்யாணத்துக்கு."

"எந்த மாசம்?"

"வைகாசி" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

தளவாய் குலசேகரத்தைப் பார்த்தார். "தங்கச்சி கல்யாணம் எந்த மாசம்பா?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வைகாசிதான்" என்றான்.

என் மகன் இதுவரை பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வைகாசிக் கடைசியோ, ஆனி முதலோ, யார் கணக்கு வைத்தார்கள்? நாள் குறித்தவன் அவர்கள் பக்கத்துச் சோதிடன். கேட்க வேண்டுமானால் அவனைக் கேட்கட்டும்.

ஆனி 29

குளிர்சுரம் கூடாரம் கூடாரமாகப் போகிறது. ஈரப்புல் தின்ற மாடுகள் கழிந்து சாகின்றன. நிற்கிற மாடுகளுக்குக் குளம்பு அழுகிவிட்டது. நேற்று ஏணி வைத்து மதில் ஏறப் பார்த்தார்கள். பாசி பிடித்த சுவர். ஏறியவன் கால் நிற்கவில்லை, ஏணியும் நிற்கவில்லை. மேலேயிருந்து யாரும் தள்ளவே இல்லை, அவர்களாகவே விழுந்தார்கள். நாறிப்போயிற்று எங்கள் மானம்.

குலசேகரத்துக்கும் சுரம். லேகியத் தூக்கைத் திறந்து ஒரு உருண்டை கொடுக்கலாமா என்று பார்த்தேன். "அது தங்கச்சிக்கு. எனக்குத் தந்தா நானும் புள்ள பெறணும்" என்று சிரித்தான். உதடு வெடித்து ரத்தம் வந்தது.

இனி வடிவை இங்கேயிருந்து எப்படிக் கொண்டுபோவது? வண்டி இல்லை, மாடு இல்லை, உலர்ந்த துணி ஒன்று இல்லை. அதை இப்போது நினைக்கவில்லை.

ஆடி 1

திரும்பிப் போவதென்று முடிவு. ஆனால் இன்றைக்கு இல்லையாம். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது. தொடங்கித்தான் ஆக வேண்டுமென்றால் எட்டாம் தேதிதான் தோஷமில்லாத நாள் என்று படைச்சோதிடன் விரலை மடக்கிச் சொல்லிவிட்டான். புறமுதுகு காட்டுவதும் ஒரு தொடக்கமா? உசேன் சாயபு தலையில் அடித்துக்கொண்டார். "ஆறு உங்க பஞ்சாங்கம் படிக்குமா ஹுசூர்?" என்று கேட்டார். தளவாய் கேட்கவில்லை. ஆனியில் என் பேச்சைக் கேட்டவருக்கு ஆடியில் சோதிடன் பேச்சு. என் பேச்சு என்று ஏன் எழுதினேன்? முடிவு அவருடையது.

ஆடி 3

விடிந்து கொஞ்ச நேரத்தில் கோட்டைக்குள்ளிருந்து குலவைச் சத்தம் கேட்டது. மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பல பெண்கள் சேர்ந்து போட்ட குலவை.

குலசேகரம் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். கண் பளபளத்தது. "யப்பா, நான் மாமன் ஆயிட்டேன்."

"எவளோ பெத்திருப்பா. கோட்டைக்குள்ள ஒருத்திதானா புள்ளத்தாச்சி?"

"தங்கச்சிதான். எனக்குத் தெரியும்." மடியிலிருந்த அரைஞாணை எடுத்து, துடைத்து, மறுபடி முடிந்துகொண்டான். மாமோய் மாமோய் என்று அடுத்த கூடாரத்திலிருந்து யாரோ கத்தினார்கள். நடுங்கிக்கொண்டே பதிலுக்குக் கையை ஆட்டினான்.

நான் வெளியே போய் மழையில் நின்றேன். அழுதேனா என்று கேட்டால் தெரியாது. அந்த மழையில் யாருக்குத் தெரியும்?

ஆடி 8

புறப்பாடு. பீரங்கிகளைச் சேற்றிலேயே விட்டுவிட்டோம். உசேன் சாயபு ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு வந்தார்.

ஆடி 9

ஆறு.

ஆடி 13

இதை வன்னியப்ப பிள்ளை வீட்டு மேற்கு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உலர்ந்த வேட்டி உடுத்தியிருக்கிறேன், அவனுடையது. கட்டிலுக்குக் கீழே கணப்புச் சட்டி வைத்திருக்கிறார்கள். கஞ்சியில் உப்பு அதிகம். இந்த வீட்டில் எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. காகிதக் கட்டை மெழுகுத்துணியில் சுற்றி வைத்திருந்ததால் தப்பியது. லேகியத் தூக்கும் என் கழுத்தில் கட்டியிருந்ததால் தப்பியது.

ஆற்றங்கரையில் நடந்ததை எழுதிவிடுகிறேன். கருங்கால் ஆறு முழங்கால் அளவு ஆறாக இல்லை. இக்கரையில் நின்றால் அக்கரை தெரியவில்லை. வேரோடு மரங்கள் போயின. எங்களுக்கு முன்பே செத்த எங்கள் மாடுகளும் போயின. யாராவது ஒருவன் நீந்திப்போய் அக்கரை மரத்தில் கயிற்றைக் கட்டினால், அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் தாண்டலாம் என்றார் தளவாய். யார் என்று கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைவாள் குடும்பத்துக்குத்தான் இந்த ஊர் மழை நல்லாத் தெரியுமே. அவர் மகனே முதல்ல எறங்கட்டும்."

இவனுக்குச் சுரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் சட்டையைக் கழற்றிவிட்டான். இடுப்பு முடிச்சை இறுக்கினான். "யப்பா, குளுருதுன்னு நிக்காதிய, அந்தப் பாறைக்கு அடியில போய் ஒதுங்குங்க" என்றான். கயிற்றை வாங்கிக்கொண்டான்.

நல்ல நீச்சல்காரன். எங்கள் தேரிக் கிணறுகளில் தென்னை உயரத்திலிருந்து குதித்துப் பழகியவன். பாதி ஆற்றுவரை அவன் தலையைப் பார்த்தேன். பிறகு கயிறு தளர்ந்தது. தளர்ந்தால் என்ன? அக்கரை சேர்ந்து அவிழ்த்து விட்டிருப்பான். அக்கரையில் இருந்து கத்தினாலும் அந்த இரைச்சலில் கேட்காது. தளவாய் மிச்சப் படையோடு மேல்கரையில் வழி தேடிப் போனார். நான் போகவில்லை, பாறைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். கோட்டைக்காரர்கள் வந்து தூக்கி வந்தார்கள். அடிக்கக்கூட இல்லை.

அவன் அக்கரை சேர்ந்திருப்பான்.

ஆடி 14

வடிவைப் பார்த்தேன். பத்து நாள் தீட்டுக் கழிந்து தலைக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். முகம் வெளுத்திருந்தாலும் நன்றாக இருக்கிறாள். ஆண் பிள்ளை. மூக்கு எங்கள் பக்கத்து மூக்கு. என் அக்காவுக்கு நடந்தது இவளுக்கு நடக்கவில்லை. இந்த ஊரிலும் கைராசியான மருத்துவச்சி இருக்கிறாள் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அவளுக்கு மட்டும்.

லேகியத் தூக்கைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் தடவினாள். "அம்மா கிண்டுனதா?" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, எங் கல்யாணத்துல நனைஞ்சது ஒங்களுக்கு மறந்தா போச்சு?"

"பந்தல் ஒழுகுச்சு."

"பந்தலா? தாலி கட்டி முடிச்சு ஒம்பது நாள் ஒங்களால ஊருக்குத் திரும்ப முடியல. இந்தக் கட்டில்லதான் ஒக்காந்து மழையத் திட்டிக்கிட்டிருந்திய. அம்மாகூடச் சிரிச்சா."

 பிள்ளையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"போகட்டும், விடுங்க. அண்ணன் எங்க?"

"அக்கரையில."

"பத்திரமா இருக்கானா?"

"நல்ல நீச்சல்காரன்."

"காது குத்துக்கு அவன் மடிதான். முன்னக்கூட்டியே சொல்லிருங்க, சாக்குச் சொல்லப் போறான்" என்றாள். பிள்ளையின் காதைத் தொட்டுக் காட்டினாள். சுண்டைக்காய் அளவுக் காது.

ஆடி 16

காலையில் வன்னியப்ப பிள்ளை வந்து கதவைச் சாத்தினான். என் எதிரே தரையில் உட்கார்ந்தான். வேட்டி மடிப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டிலில் வைத்தான்.

வெள்ளி அரைஞாண்.

"தோணித்துறைக்குக் கீழ ஒதுங்கிக் கெடந்தான். நீரு வந்த மறுநாளே கெடைச்சுட்டான். நீரு சொரத்துல பெனாத்திக்கிட்டு இருந்தீரு, வச்சிருக்க முடியல. ஒம்ம மருமகன் சங்கரலிங்கம்தான் மச்சினனுக்குக் கொள்ளி வச்சான். வெளிய ஒரு சுள்ளி காயல. பரண்ல கெடந்த கல்யாணப் பந்தக்காலத்தான் எறக்கி அடுக்குனோம்."

நான் அந்த வெள்ளிக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பு முடிச்சின் கறை அதில் இருந்தது.

"வடிவுக்குத் தெரியாது. பால் நின்னுரும்னு மருத்துவச்சி பயப்படுதா. ஒரு நாள் சொல்லித்தான ஆவணும். நீரு சொல்லுதீரா, நான் சொல்லட்டா?"

வேறு எதுவும் அவன் சொல்லவில்லை. எட்டாம் மாதத்தைச் சொல்லவில்லை, மதில்மேல் நின்று சொன்னதைச் சொல்லிக்காட்டவில்லை. பாவி, ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிப் பிழைத்திருப்பேன். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நான் ஊருக்குப் போகணும். ஆவுடைகிட்டச் சொல்லணும்" என்றேன்.

"ஆறு வத்தட்டும்" என்றான். "நானே அனுப்பி வைக்கேன்."

ஆடி 17

இன்று அரைஞாணைப் புளி போட்டுத் துலக்கினேன். கறை போய்விட்டது.

வடிவு பிள்ளையைக் குளிப்பாட்டி மடியில் போட்டிருந்தாள். நான் தீட்டுக்காரன், தொடக் கூடாது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். தொட்டேன். அந்த இடுப்பில் அரைஞாணைக் கட்டினேன். பெரிதாக இருந்தது, இரண்டு சுற்று வந்தது. பிள்ளை காலை உதைத்தான்.

"அண்ணன் செஞ்சதா!" என்று அவள் முகம் மலர்ந்தது. "குடுத்து விட்டவன், தானே வந்து கட்டுனா என்னவாம்? ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகலாம்லா?"

வாசலில் வன்னியப்ப பிள்ளை கொங்காணியைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"இப்ப எப்படிம்மா வருவான்?" என்றேன். "ஆறு வத்தட்டும். வருவான்."

வன்னியப்ப பிள்ளை மழைக்குள் இறங்கிப் போனான்.